இடது பக்கத்து இருக்கை

அத்தியாயம் 14

தகர வாளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து உருண்ட சத்தத்தில் பஃபலோ ரோடே ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தது. அதையடுத்து மினிபஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

முன் இருக்கையில் இருந்த பெட்டி இரண்டு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் ஸ்டியரிங்கை விடாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யோசிப்பவரைப் போல இருந்தார்.

பூக்கடை வேலாயுதம் கையில் டீப் பொட்டலத்தோடு எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்தான். சாமந்தி வாளிகள் சாலையில் கிடந்தன. வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பி வளைந்து, கடையின் மரக்கால் ஒன்று சாய்ந்திருந்தது. அவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சிரித்தான்.

"ஏண்ணே, பூ வாங்க வர்றவங்க கடைக்கு வெளியில நிப்பாங்க. நீங்க வண்டியோட உள்ளயே வந்துட்டீங்க லா."

ஆம்ப்ரோஸும் சிரித்தார். இறங்கி வந்து வாளிகளை எடுத்து நிறுத்தினார். சாலை ஓரத்தில் யார் ஸ்டூலைப் போட்டது என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார். வேலாயுதம் அதற்கும் சிரித்தான். ஆனால் மாலையைப் பொட்டலமாகக் கட்டிப் பெட்டியிடம் கொடுக்கும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

"டீ வாங்கலாம்னு இப்பதாம்மா எந்திரிச்சேன்" என்றான். "அந்த ஸ்டூல்ல இருந்துதான்."

சிவப்பு ஸ்டூல். வாளிகளுக்கு முன்னால் தனியாக, பளிச்சென்று இருந்தது. பெட்டி அதைத் தூரத்திலேயே பார்த்திருந்தாள். அப்பாவும் பார்த்திருப்பார் என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தாள்.

ஆம்ப்ரோஸின் கண்ணில் கோளாறு இருப்பது தெரியவந்து எட்டு மாதம் ஆகிறது. மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கடைக்காரர் சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நோய். வலிக்காது, சிவக்காது. சொட்டு மருந்து கொடுத்தார்கள். அழுத்தம் போதிய அளவு இறங்கவில்லை.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம்தான் லேசர் வைத்தார்கள். புதுச் சிகிச்சை. கத்தி இல்லை, கட்டு இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவும் வேண்டாம். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து உட்காரச் சொன்னார்கள். கண்ணை மரக்கச் செய்து, அதன்மேல் ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தி, பச்சை வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சினார்கள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து அழுத்தம் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஆம்ப்ரோஸ் தன் காலால் நடந்து வந்து வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்.

அவர் மனைவி அல்போன்சம்மாளுக்கு அது போதும். வெறும் வெளிச்சத்தாலேயே கணவர் கண்ணைத் திறந்துவிட்டார்கள் என்று பிடோக் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொல்லிவிட்டாள். நேர்ந்துகொண்டபடி வெள்ளியில் ஒரு ஜோடி கண் செய்யக் கொடுத்தாள். இன்று சாயங்காலம் வீட்டில் நன்றி ஜெபமாலை. மாதா சுரூபத்துக்கு அந்த வெள்ளிக் கண்களைச் சாத்த வேண்டும். மாலை அதற்காகத்தான்.

சமையல் வேலை தலைக்குமேல் இருந்ததால் அவள் வரவில்லை. கடைசிப் பரிசோதனைக்கு மகளை அனுப்பிவைத்தாள். "டாக்டர் சொல்றதை ஒண்ணு விடாம கேட்டுட்டு வா. அப்பா பாதியத்தான் சொல்வாரு."

அதனால் பெட்டி இன்று அம்மாவின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். டிரைவருக்கு இடது பக்கம், முன்னால்.

பள்ளி நாட்களில் அது அல்போன்சம்மாளின் இடம். ஆம்ப்ரோஸ் ஓட்டும் இந்தப் பள்ளி வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்க, சண்டை விலக்க என்று மூன்று வருடமாகக் கூடவே போகிறாள். உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. மோதிர விரலை மடக்கி முன்பலகைத் தகரத்தில் டக், டக்டக் என்று தட்டிக்கொண்டே வருவாள். பிள்ளைகள் அவளுக்கு டக்டக் ஆன்ட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். தட்டித் தட்டி ஒரு இடத்தில் பெயின்ட் போய்த் தகரம் வெளுத்திருந்தது. வண்டியை மேளமாக்கிவிட்டாள் என்று ஆம்ப்ரோஸ் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேலி செய்வார்.

வண்டி கிளம்பியது. பெட்டி அந்த வெளுத்த இடத்தைப் பார்த்தபடி மாலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

*

பரிசோதனை அறை இருட்டாக இருந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைப் படுக்கவைத்தது போன்ற கருவி. ஆம்ப்ரோஸ் அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு சின்ன வெளிச்சம் ஊர்ந்து வரும். தெரிந்தவுடன் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும்.

கருவியை இயக்கிய மலாய்க்காரப் பெண் அடிக்கடி நிறுத்தினாள். பாக்சிக் என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டு, கண்ணை ஓட்டாதீங்க, நடுவில் பாருங்க என்று மலாயில் பொறுமையாகச் சொன்னாள். ஆம்ப்ரோஸ் தலையாட்டுவார். அடுத்த நொடியே கண் இடது பக்கம் ஓடும், வலது பக்கம் ஓடும், மேலே போகும்.

பெட்டிக்குப் புரிந்தது. இடக் கண்ணாடி, வலக் கண்ணாடி, நடுக் கண்ணாடி. இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறவரின் கண். அது ஓடி ஓடித் தேடிக்கொண்டதால்தான் இத்தனை நாள் அவருக்கே எந்தக் குறையும் தெரியவில்லை. போன தடவை இருந்த புதுப் பையன் இதைக் கவனிக்காமல் குறித்துவிட்டான் என்று அந்தப் பெண் சொன்னாள். முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்றாள்.

மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை அவள் விடவில்லை.

அப்பாவின் தோளுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் பெட்டி உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தின் இடப்பக்கம் அங்கிருந்து தெரிந்தது. வெளிச்சம் ஓரத்திலிருந்து புறப்பட்டது. அவர் கட்டைவிரல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. அசையவில்லை. அமுக்குங்கப்பா, அமுக்குங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். நடுப்புள்ளியைத் தொடப் போகும் நேரத்தில்தான் 'டிக்' என்றது.

தான் நன்றாகச் செய்துவிட்ட திருப்தியில் ஆம்ப்ரோஸ் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

டாக்டர் இளவயதுச் சீனர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பெட்டி தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் நல்ல செய்தி. லேசர் நன்றாக வேலை செய்திருக்கிறது. இருபத்தெட்டில் இருந்த அழுத்தம் பதினேழுக்கு இறங்கிவிட்டது. எல்லோருக்கும் இவ்வளவு இறங்குவதில்லை.

பெட்டி சொன்னாள். ஆம்ப்ரோஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

பிறகு டாக்டர் ஒரு தாளை அவர்கள் பக்கம் திருப்பினார். அதில் இரண்டு வட்டம். பார்வை இருக்கும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். இடது கண்ணில் நடுவில் ஒரு சின்னத் தீவு மட்டும். வலது கண்ணில் மூக்கை ஒட்டிய பக்கம் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய இடது பக்கம் கிட்டத்தட்ட இல்லை. நடுப்பார்வை இருப்பதால் பேப்பர் படிப்பார், ஊசியில் நூல்கூடக் கோப்பார். பக்கத்தில் வருவதுதான் தெரியாது.

லேசர் வைத்தபிறகுமா என்று பெட்டி கேட்டாள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். போன பார்வையைக் கொண்டுவர லேசரால் முடியாது, எதனாலும் முடியாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அது. இதுவும் சிலருக்குப் பல வருடம் நிற்கும், சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் அழுத்தம் மறுபடி ஏறும். அப்போது அறுவை செய்ய வேண்டி வரலாம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். அப்பாவுக்கு என்ன வேலை?

அந்த அளவு ஆங்கிலம் ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். அவர் மகளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஸ்டோர்ல வேலைன்னு சொல்லு."

"அப்பா..."

"சொல்லு பெட்டி."

சாதாரணக் குரல். சின்ன வயதில் கடைக்குப் போய்வரச் சொன்ன அதே குரல். பெட்டி வாயைத் திறந்தாள். ஸ்டோர்கீப்பர் என்ற வார்த்தை வெளியே வந்துவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டார். நல்லதாகப் போயிற்று என்றார். டிரைவராக இருந்திருந்தால் இன்றைக்கே சாவியை வாங்கி வைக்கச் சொல்லியிருப்பேன் என்றார்.

இதை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

*

கார் நிறுத்துமிடத்தில் பெட்டி சண்டை போட்டாள். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் போகலாம் என்றாள். யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றாள். ஆம்ப்ரோஸ் ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டார். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவரைத் தனியாக விடவும் மனம் இல்லை. ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவள் கண் இடது பக்கத்திலேயே இருந்தது.

"அப்பா, சைக்கிள்."

"பாத்துட்டேன் லா."

பார்த்திருக்கவில்லை. அவள் சொன்னபிறகுதான் பிரேக் விழுந்தது. கேலாங் தாண்டுவதற்குள் இன்னும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பிடோக் கடைவீதி தெரிந்ததும் ஆம்ப்ரோஸ் பேசினார். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டதில்லை என்றார். பள்ளிக்கூட வாசலில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லாத வாத்தியார்கூடத் தனக்குச் சொல்வதைச் சொன்னார். வண்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் தான் என்ன ஆள் என்று கேட்டார். காலையில் நடந்த பூக்கடை விஷயத்தை அவர் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் அம்மாகிட்ட எதுவும் சொல்லாத. சாமி வர்றாரு, சனம் வருது. அவ சந்தோஷத்தைக் கெடுக்காத."

"திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குதுப்பா."

"திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு."

இடையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

*

வீடு நிறைந்திருந்தது. கோயில் ஜெபக் குழுவான மரியாயின் சேனைப் பெண்கள் தரையில், ஆண்கள் நாற்காலியில், மிச்சம் பேர் நடைபாதையில். ஆட்டுக்கறி வாசமும் மல்லிகை வாசமும் கலந்து அடித்தன. மாதா சுரூபத்தின் காலடியில் சின்னத் தட்டில் வெள்ளிக் கண்கள் இரண்டும் இமைக்காமல் கிடந்தன. பெட்டி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

அல்போன்சம்மாள் மகளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னாரு?"

"அழுத்தம் நல்லா இறங்கிருச்சாம்மா."

பொய் இல்லை. அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது பொய்யைவிட மோசமான எதையோ சொன்னது போல இருந்தது.

ஜெபமாலை முடிந்ததும் சேனைத் தலைவர் அற்புதராஜ் எழுந்தார். குரல் வளம் உள்ளவர். கல்யாணமானாலும் துக்கமானாலும் அவர் பேசாமல் முடியாது. நண்பர் ஆம்ப்ரோஸுக்கு மாதா ஒளி கொடுத்ததற்கு நாமெல்லாம் சாட்சி என்றார். அந்தக் கண்ணாலேயே இன்றைய நன்றி மன்றாட்டை வாசிக்கட்டும் என்று பழைய ஜெபப் புத்தகத்தை நீட்டினார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. முன்வரிசையில் இருந்தவர்களே இதைப் படிக்கவா என்று சிரித்தார்கள்.

ஆம்ப்ரோஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு எழுத்து தட்டாமல், மூச்சு இடறாமல், பக்கம் முழுதையும் வாசித்து முடித்தார்.

பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வந்திருந்த பங்குச் சுவாமியார்கூடத் தலையசைத்தார். பெட்டிக்கு மட்டும் அந்த வெள்ளைக் கிண்ணம் ஞாபகம் வந்தது. நடுவில் ஒரு சின்னத் தீவு. அதற்குள்ளே இந்தப் பக்கம் முழுவதும் அடங்கிவிடும்.

ஆம்ப்ரோஸ் புத்தகத்தை மூடிவிட்டு இடது பக்கம் திரும்பினார். அங்கே முக்காலியில் தேத்தண்ணிக் கோப்பைகள் அடுக்கிய தட்டு. அவர் முழங்கை அதை நோக்கிப் போனது. ஆனால் தட்டு அங்கே இல்லை. யாரோ ஒருத்தியுடன் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அல்போன்சம்மாளின் கை அதை ஒரு சாண் தள்ளி நகர்த்தியிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. பெட்டி கவனித்தாள். ஏன் கவனித்தோம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலையும்போது எதிர்வீட்டு சம்சுன்னிசா கறிபாப் பலகாரத் தட்டோடு வந்தாள். பின்னாலேயே அவள் மகள் ஜைனப். ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை. ஆம்ப்ரோஸ் வண்டியில் போகும் பிள்ளைகளைத் தினமும் மாடியிலிருந்து பார்த்து ஏங்கியவள். திங்கட்கிழமை முதல் அவளும் அதில்தான் போகப்போகிறாள்.

"டக்டக் ஆன்ட்டி அவங்க சீட்டை எனக்குத் தந்துட்டாங்க" என்று அவள் பெட்டியிடம் பெருமையாகச் சொன்னாள். "முன்னால. ஜன்னல் ஓரம்."

பெட்டிக்கு முதலில் புரியவில்லை. சம்சுன்னிசாதான் விளக்கினாள். அக்கா இனிமேல் வண்டியில் வரப்போவதில்லையாம். அண்ணனுக்குக் கண் சரியாகிவிட்டது, கோயில் பாலர் பள்ளியில் காலை வேளைக்கு ஆள் கேட்டார்கள், போகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

பிறகு அவள் மகளைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, பெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்ச பொண்ணு, டாக்டர்கிட்ட நீதான் போயிட்டு வந்த. எனக்கு இருக்கறது ஒரே புள்ள. நம்பி ஏத்திவிடலாம்தானே, பெட்டி?"

காலையில் நசுங்கிய சிவப்பு ஸ்டூல் கண்ணெதிரே வந்து நின்றது. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஆம்ப்ரோஸ் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் பார்க்கும்போது அந்தக் கண்களுக்கு எதுவும் தப்புவதில்லை.

"நாளைக்குச் சொல்றேங்க்கா" என்றாள் பெட்டி.

சம்சுன்னிசாவின் பிடி தளர்ந்தது. ஏத்திவிடலாம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வந்திருந்தாள். மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

பெட்டி ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தாள். அப்பா பார்க்கும்படியாகத்தான் எடுத்தாள். அவர் எழுந்து வருவதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அல்போன்சம்மாள் தனியாகக் கறிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்ற களைப்பு இருந்தும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளை இப்படி லேசாகப் பெட்டி பார்த்து எத்தனையோ நாளாயிற்று. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சாவியை உள்ளங்கையில் இறுக்கினாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா கண்ணு..."

"தெரியும்டி, நல்லாயிடுச்சுல்ல." அல்போன்சம்மாள் திரும்பாமலே சொன்னாள். "முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன். இனிமே சொன்னா பாவமில்ல."

அவள் சோப்பு நுரையைக் கழுவிவிட்டு இடது கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாள். கல்யாண மோதிரம். எல்லோருக்கும் அடிப்பக்கம்தான் தேயும். அவளுடையது மேல்பக்கம் தேய்ந்து தகடாகியிருந்தது.

பெட்டி அதைப் பார்த்தாள். முன்பலகையில் வெளுத்திருந்த தகரம் நினைவுக்கு வந்தது. டக். டக்டக். திரும்பும் வழியில் தான் சைக்கிள் என்று சொன்னதும் விழுந்த பிரேக். பேசிக்கொண்டே தட்டை நகர்த்திய கை.

ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆம்ப்ரோஸின் செருப்பு சமையலறைப் பக்கம் வந்து வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

அல்போன்சம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் முகத்தில் வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து தெரிந்தன.

"ஒரு தட்டுக்கு மெதுவா, ரெண்டு தட்டுக்கு நிறுத்து, மூணு வருஷமா அவருக்கு இடது பக்கம் நான்தான் பாத்துச் சொல்லிட்டு வந்தேன், திங்கக்கிழமைல இருந்து அந்த சீட்டுல நான் இருக்க வேண்டியதில்லதானே?"